ஹோபனுக்கு முன் நாற்பது நொடி

ஸ்போக்கேன்
ஏப்ரல் 29, 2017

கேப்டன் ஹாக்ஸ்ட்ராம் அவர்களுக்கு,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். கடைசி வரி வரை படித்துவிட்டுப் பிறகு போடுங்கள். உங்களோடு தொலைபேசியில் பேசக்கூடாது, மின்னஞ்சல் கூடாது, குறுஞ்செய்தி கூடவே கூடாது என்று விமானிகள் சங்கத்து வக்கீல் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறார். தபாலைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

நேற்று தலைமை விமானி பர்செல் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் அறிக்கையிலிருந்து இரண்டு வரிகளை வாசித்துக் காட்டினார். "ஹோபன் இன்னும் வரவில்லை, உயரத்தைப் பார் என்று நான் உரக்கச் சொன்னேன். துணை விமானி உடனே செயல்படவில்லை." அவ்வளவுதான். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல யாரோ ஒருத்தர் பொய் சொல்றீங்க, மாரிபெல். அவரு முப்பத்துநாலு வருஷமா ஓட்டுறாரு. நீ வந்து ஏழு மாசம் ஆகுது. நான் என்ன நினைக்கணும், நீயே சொல்லு" என்றார்.

நான் என்ன சொல்ல? புரபேஷனில் இருக்கிறவள். காரணமே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம்.

ஏப்ரல் 18-ஐ நான் மறுபடி சொல்கிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள். அன்று ஓட்டியது நான், கண்காணித்தது நீங்கள். ரெட்ஃபோர்க் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டுமானால் மலைமுகட்டைத் தாண்டும்வரை படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். வரைபடத்தில் ஹோபன் என்று போட்டிருக்கிற புள்ளியைத் தாண்டும்வரை 9,400 அடி. தாண்டிய பிறகுதான் 7,800. நான் முந்தின புள்ளியையே ஹோபன் என்று நினைத்துக்கொண்டு, எவ்வளவு உயரத்துக்கு இறங்க வேண்டும் என்று விமானத்துக்குச் சொல்கிற உயரக் குமிழை 7,800-க்குத் திருப்பிவிட்டேன். அது என் தப்பு. அறிக்கையில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்கிறேன். பூசி மெழுகவில்லை.

ஆனால் குமிழைத் திருப்பினால் அது ஒருத்தர் வேலை இல்லையே. நான் விரலை நீட்டி எண்ணைச் சொன்னேன். நீங்கள் வரைபடத்தைப் பார்த்து, அது சரிதான் என்றால் மட்டும், உங்கள் விரலையும் நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். நீட்டினீர்கள். "ஏழாயிரத்து எண்ணூறு" என்றீர்கள். அதற்குப் பிறகும் நாற்பது நொடி இருந்தது. அந்த நாற்பது நொடியில் எப்போது வேண்டுமானாலும் ஒருத்தர் "எங்கே போகிறோம்" என்று கேட்டிருந்தால் போதும். நீங்கள் கேட்கவில்லை, கேப்டன். உயரத்தைப் பார் என்று நீங்கள் சொல்லவே இல்லை. அந்த நேரத்தில் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கேட்டது இயந்திரத்தின் குரல்தான். "தரை, தரை, மேலே ஏறு!" நான் இழுத்தேன். முகடு நமக்குக் கீழே முந்நூறு அடியில் போனது. பின்னால் பணிப்பெண் ரோண்டா விழுந்த சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

நாம் பேசியதைப் பதிவு செய்த பெட்டி கையில் இருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. பழைய விமானம், கடைசி இரண்டு மணி நேரத்தைத்தான் வைத்துக்கொள்ளும். இறங்கினதும் அதன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியது கேப்டன். ஆம்புலன்ஸ் கலவரத்தில் நீங்கள் மறந்துவிட்டீர்கள். மூன்று மணி நேரம் விளக்கெல்லாம் எரிய அந்த விமானம் சும்மா நின்று எல்லாவற்றையும் அழித்துவிட்டது. இப்போது உங்கள் வாய் ஒரு பக்கம், என் வாய் ஒரு பக்கம். எதற்கு எடை அதிகம் என்று பர்செல் சொல்லிவிட்டார்.

மே 25 விசாரணை. மூன்று பேர் குழு: கம்பெனி ஆள் ஒருவர், சங்கத்து ஆள் ஒருவர், அரசு ஆள் ஒருவர். தானாக முன்வந்து நடந்ததை எழுதிக் கொடுப்பவருக்குத் தண்டனை இல்லை என்பது ஏற்பாடு. ஆனால் இரண்டு அறிக்கை இரண்டு விதமாக இருந்தால் அந்த ஏற்பாடு ஒருவருக்குத்தான். இங்கிருந்து வெளியே போனால் எனக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் இடமில்லை, உங்களுக்கே தெரியும். தயவுசெய்து "நான் சொல்லவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

மாரிபெல் ஒச்சோவா


பெமிட்ஜி, மினசோட்டா
மே 5

மிஸ் ஒச்சோவா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. போட்டிருக்கலாம் என்று இரண்டு முறை தோன்றியது.

நான் பொய் சொல்கிறவன் இல்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "உயரத்தைப் பார்" என்று நான் சொன்னேன். சொன்னது என் காதில் இப்போதும் கேட்கிறது. என் குரல், என் தொண்டை. நீங்கள் தலையை இந்தப் பக்கம் திருப்பியது வரை ஞாபகம் இருக்கிறது. இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்திருக்கிறேன். மலைப்பக்கம் இறங்கும்போதெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறேன். பனியில் சொல்லியிருக்கிறேன், காய்ச்சலில் சொல்லியிருக்கிறேன், என் அப்பா செத்த மறுநாள் சொல்லியிருக்கிறேன். அன்று மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் எப்படி?

உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் அது வேறு விஷயம். மண்டைக்குள் வேலை நிறைய ஓடும்போது காது முதலில் அடைத்துக்கொள்ளும். எத்தனையோ துணை விமானிகளிடம் பார்த்திருக்கிறேன். அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குக் கேட்காததை நான் சொல்லவே இல்லை என்று என்னையே எழுதச் சொல்வது எந்த ஊர் நியாயம்? குமிழைத் திருப்பியது உங்கள் கை. அதையும் என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா?

விரலை நீட்டினேன், எண்ணைத் திருப்பிச் சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன், அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன். வரைபடத்தைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்திருப்பேன். பார்க்காமல் நீட்டமாட்டேன்.

பெட்டி விஷயத்தில் என் மேல் தப்பு. அதை மறுக்கவில்லை. ரோண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் கூடவே ஓடினேன். பெட்டி ஞாபகமே வரவில்லை.

ஆகஸ்டில் எனக்கு அறுபத்தைந்து. அதோடு சட்டப்படி முடிந்தது. கடைசி நாள் பறக்கும்போது உடன் வர என் மனைவி மார்லிஸ் எங்கள் மகள்கள் எல்லோருக்கும் இடம் பிடித்துவைத்துவிட்டாள். இதற்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

ரோண்டா எப்படி இருக்கிறாள்? ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், நீங்கள் குடும்பத்தார் இல்லை என்று வைத்துவிடுகிறார்கள். கம்பெனியில் கேட்டால் வக்கீலைக் கேள் என்கிறார்கள். நீங்கள் அந்த ஊரில்தானே இருக்கிறீர்கள். பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள்.

ரோலண்ட் ஹாக்ஸ்ட்ராம்


ஸ்போக்கேன்
மே 10

கேப்டன்,

ரோண்டாவைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மூன்று வாரமாகப் போகாமல் இருந்தேன். வக்கீல் போகாதே என்றார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் முகத்தில் விழிக்கப் பயம்.

கழுத்தெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. தலையைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி, அதைத் தோளோடு திருகி வைத்திருக்கிறார்கள். திரும்ப முடியாது. நான் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றேன், அவள் பார்வைக்கு நேராக.

"என்னடி, வெறுங்கையோட வந்திருக்கே? ஒரு சாக்லேட்டாவது வாங்கிட்டு வரக்கூடாதா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அடச்சீ, நிறுத்து. என்னால துடைக்கக்கூட முடியாது, நீயே துடைச்சுக்க."

பிறகு அவளே கேட்டாள். "கடைசி கப்பை வாங்கிட்டேன், மாரி. பன்னெண்டாம் வரிசைல ஒரு பெரியவரு, அதுல ஒரு வாய் தக்காளி ஜூஸ் வச்சுக்கிட்டு, குடிக்கவும் மாட்டேங்கறாரு, குடுக்கவும் மாட்டேங்கறாரு. வாங்கிட்டுத் திரும்பினேன். என் சீட்டுக்கு இன்னும் ரெண்டே எட்டு. முன்னால என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க ரெண்டு பேரும்?"

நான் உயரம், குமிழ், ஹோபன் என்று எதையோ சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அது சரி. குமிழு தப்பு. அப்புறம்? ரெண்டு பேரு இருக்கீங்கல்ல? எதுக்கு ரெண்டு பேரு?" என்றாள்.

இருபது வருஷம் பறந்தவள். எங்கே கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கே புரிந்தது. நீங்கள் நிஜமாகவே மறந்துவிட்டீர்கள். நான் இத்தனை நாளாக உங்களைப் பெரிய நடிகர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தலையைத் திருப்பியது ஞாபகம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, சரிதான், திருப்பினேன். எதற்கு? உங்கள் பக்கம் மேகத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. "ஏய், அங்க பாரு, ஏரில ஐஸ் உடைஞ்சுருச்சு! போன வருஷம் இந்நேரம் முழுசா வெள்ளையா கிடந்துச்சு" என்றீர்கள். நான் எட்டிப் பார்த்தேன். "இதுல மீன் கிடைக்குமா கேப்டன்?" என்று வேறு கேட்டேன். "ட்ரௌட்டு, இத்தனை நீளம்" என்று கையை விரித்துக் காட்டினீர்கள். அப்போது இயந்திரம் கத்தியது.

பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால், பறக்கிற வேலையைப் பற்றித் தவிர வேறு பேச்சு கூடாது. பள்ளிக்கூடத்துப் பாடம். அதனால்தான் அறிக்கையில் நான் ஏரியை எழுதவில்லை. நீங்கள்தான் முதலில் பேசினீர்கள், கேப்டன் என்ற முறையில் அது உங்களைத்தான் முதலில் அடிக்கும். இன்னும் நாலு மாதத்தில் போகப்போகிற மனிதரை நான் ஏன் மாட்டிவிட வேண்டும்? முதல் நாள் நான் வேலைக்கு வந்தபோது, என்னை "பெண்ணே" என்று கூப்பிடாத ஒரே கேப்டன் நீங்கள். சரி, நேர்மையாகச் சொல்கிறேன், எட்டிப் பார்த்தது நானும்தானே. அதுவும் ஒரு காரணம்.

நான் உங்களைக் காப்பாற்ற ஒரு இடத்தைக் காலியாக விட்டேன். அந்தக் காலி இடத்தில் நீங்கள் "உயரத்தைப் பார்" என்பதை எழுதி வைத்திருக்கிறீர்கள்.

யோசித்துப் பாருங்கள். எப்படி எழுதினாலும் சரி, சொல்லவில்லை என்று எழுதிக் கொடுங்கள். இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது.

மாரிபெல்


பெமிட்ஜி
மே 15

மாரிபெல்,

இனிமேல் "நீங்கள்" போட்டு எழுத என்னால் முடியாது. விமானத்தில் பேசியதுபோலவே எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. படித்ததும் முதலில் சிரித்தேன். இந்தப் பெண் என்ன கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். ஏரியாம், மீனாம். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படகுக்குச் சாயம் அடிக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். மார்லிஸ் உருளைக்கிழங்கும் காளானும் போட்டு அடுப்பில் வேகவைத்திருந்தாள். "வண்டிக் கொட்டாயைப் பூட்டிட்டியா?" என்று கேட்டாள். "பூட்டிட்டேன்" என்றேன். அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"திறந்து கிடக்கு, ரோலி."

"பூட்டினேனே! சாவி திரும்பின சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"நேத்துக் கேட்டிருக்கும். முந்தாநாள் கேட்டிருக்கும். தினமும் பூட்டுறவனுக்கு எந்த நாள் சத்தம்னு எப்படித் தெரியும்? வீட்டுல இதே கதைதான், முப்பது வருஷமா நான்தானே பின்னாடியே போய்ப் பூட்டிக்கிட்டு வர்றேன். ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கேனா?"

சட்டைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மீன்னு வந்தா நீ கையை விரிப்பியே. பிரசங்கத்துக்கு நடுவுல கூட விரிச்சிருக்கே" என்றாள்.

அப்போதுதான் வந்தது. குரல் இல்லை, கை. இடது கை சன்னலில் இடித்தது. அறிக்கை எழுதும்போது விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது, ரோண்டாவைத் தூக்கும்போது பட்டது என்று நினைத்திருந்தேன். நான் கையை விரித்தேன், மாரிபெல். மலைமுகட்டுக்கு மேலே நாற்பத்தொரு பேரை வைத்துக்கொண்டு, மீன் எத்தனை நீளம் என்று காட்டினேன். "உயரத்தைப் பார்" என்று என் காதில் கேட்டது வேறு ஏதோ ஒரு நாள். ஆயிரம் நாளில் எந்த நாளோ.

வெட்கமாக இருக்கிறது. உன் மேல் எழுதியதை நினைத்தால் அதைவிட வெட்கம். உன் காது அடைத்துக்கொண்டது என்று எழுதினேனே, மன்னித்துவிடு.

இன்று காலையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிட்டேன். நாலு பக்கம். சொல்லவில்லை என்று மட்டும் எழுதலாமே என்று மார்லிஸ் சொன்னாள். முடியாது என்றேன். ஒரு தடவை இல்லாததை எழுதியவன் இன்னொரு தடவை பாதியை எழுதினால் என்னை நானே எப்படி மதிப்பது? ஏரி, ஐஸ், மீன், விரித்த கை, நான்தான் பேச்சை ஆரம்பித்தேன் என்பது, கேப்டனே பேசினால் புதிதாக வந்தவள் பதில் சொல்லாமல் என்ன செய்வாள் என்பது, உன் கடிதம் பார்த்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது என்பது, எல்லாம் எழுதினேன். மறுநாளே போய்ச் சேருகிற கூரியரில் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இந்நேரம் வண்டியில் ஏறியிருக்கும்.

என்ன ஆனாலும் என்னோடு போகட்டும். ஆகஸ்ட் இல்லாவிட்டால் ஆகஸ்ட் இல்லை. ஒரு மாதமாகத் தூங்காமல் இருந்திருப்பாய். இனித் தூங்கு.

ரோண்டாவுக்கு சாக்லேட் அனுப்பியிருக்கிறேன். உன் பெயரையும் போட்டேன்.

ரோலண்ட்


ஸ்போக்கேன்
மே 16

கேப்டன், அவசரம்.

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்னால் இதை எழுதியாக வேண்டும். எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன், எப்படியும் இரண்டு மூன்று நாள் ஆகும். போனை எடுத்து உங்கள் எண்ணை அழுத்திவிட்டுப் பாதியில் வைத்தேன். என் அழைப்புகளின் பட்டியலை விசாரணையில் கேட்கலாம் என்று வக்கீல் சொல்கிறார்.

இன்று அவரிடம் பேச்சுவாக்கில், பெயர் ஊர் சொல்லாமல் கேட்டேன். "ஒருத்தர் அறிக்கையில ஒரு சின்ன விஷயத்தை விட்டுட்டா என்ன ஆகும்?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தெரியாம விட்டா ஒண்ணும் இல்ல. மறந்தா ஒண்ணும் இல்ல. தப்பாவே எழுதினாக்கூட, அப்படித்தான் ஞாபகம்னா விட்டுருவாங்க. தெரிஞ்சே விட்டாங்கன்னா அவ்வளவுதான், வெளிய. அந்தப் பாதுகாப்பே முழுசா சொல்றவங்களுக்குத்தான். ஏன் கேக்கறே?"

"சும்மா" என்றேன்.

கேப்டன், ஏரியை எழுதாதீர்கள். "நான் சொல்லவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். ஞாபகம் தெளிவாக இல்லை என்று எழுதுங்கள். எனக்கு ஏரி தெரியும் என்றோ, நான் உங்களுக்கு எழுதினேன் என்றோ ஒரு எழுத்து வந்தால், நான் தெரிந்தே மறைத்தேன் என்று ஆகிவிடும். போன கடிதத்தில் எப்படி எழுதினாலும் சரி என்று நான்தான் உளறினேன். அப்போது உங்களை எப்படிச் சம்மதிக்கவைப்பது என்பது மட்டுமே மண்டையில் இருந்தது. இந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீங்கள் கோபத்தில் இன்னும் எழுதாமல் இருந்தால் நல்லது. இருங்கள். கோபமாகவே இருங்கள்.

மாரிபெல்


பெமிட்ஜி
மே 19

மாரிபெல்,

உன் அவசரக் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. என் கடிதம் உனக்கு நேற்றே கிடைத்திருக்கும். படித்துவிட்டு என்ன பாடுபட்டாயோ.

பத்து மணியிலிருந்து போனில் இருக்கிறேன். கூரியர்காரனைக் கேட்டேன், பதினாறாம் தேதி காலையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்றான். குழுவின் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். அனுப்பியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"ஏன் சார்? அதுல இருக்கறது உண்மை இல்லையா?"

"உண்மைதான்."

"அப்புறம் எதுக்குத் திரும்ப வேணும்?"

மூன்று பேருக்கும் நகல் போய்விட்டது என்றாள். கம்பெனிக்கும் போய்விட்டது. "ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க சார், இங்க எல்லாரும் பேசிக்கிட்டாங்க" என்று வேறு சொன்னாள். போனை வைத்துவிட்டேன்.

மார்லிஸ் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம். பாதியை மட்டும் எழுது என்று அவள் சொன்னபோது நான் என்னமோ பெரிய யோக்கியன் மாதிரி பேசினேன். அந்த யோக்கியத்தனத்துக்கு விலை என் கையிலிருந்து போகவில்லை, உன் கையிலிருந்து போகிறது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, அனுப்புவதற்கு முன்னால் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். நாலு பக்கம் எழுதினேன், பக்கத்து இருக்கையில் இருந்தவளிடம் சரிதானா என்று கேட்கவில்லை. இந்தத் தொழிலில் இதைத்தானே முப்பத்துநாலு வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

நான் ராஜினாமா செய்கிறேன். பர்செலுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். உன்னைப் பற்றி, உன் கையைப் பற்றி. அந்த இயந்திரம் கத்தியபோது நான் இன்னும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ இழுத்துவிட்டாய். அரை நொடி தாமதித்திருந்தால் நாற்பத்தொரு பேரும் இல்லை, நாமும் இல்லை. அதை யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். குழுவில் உள்ள அரசாங்க அம்மாளுக்கும் எழுதுகிறேன்.

வேறு என்ன செய்யலாம் என்று சொல். எதுவானாலும் செய்கிறேன்.

ரோலண்ட்


ஸ்போக்கேன்
மே 27

கேப்டன்,

நேற்று முன்தினம் என்னைத் தனியாக விசாரித்தார்கள். உங்களுக்குத் தீர்ப்பு வந்திருக்கும். எனக்கும் வந்தது. பர்செல் நேற்று மதியம் கூப்பிட்டு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவில்லை. "எனக்கே கஷ்டமா இருக்கு" என்றார். பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் வேறு எங்கேயாவது கேட்டுக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நீளமான மேசை. உங்கள் நாலு பக்கமும் அரசாங்க அம்மாள் முன்னால் இருந்தது, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு. நல்ல மாதிரிதான். தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார்.

"இந்த ஏரி விஷயம், அன்னைக்கு அறிக்கை எழுதும்போது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

சங்கத்து ஆள் மேசைக்கு அடியில் என் காலைத் தட்டினார். உங்கள் நாலு பக்கத்தில், எனக்கு எப்போது ஞாபகம் வந்தது என்று இல்லை. உங்களுக்கு வந்ததுபோல எனக்கும் பிறகுதான் வந்தது என்று சொல்லலாம். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அந்த அம்மாளுக்கும்தான். அதைச் சொல்லட்டும் என்றுதான் காத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் வாயைத் திறந்தேன். ரோண்டா கேட்டது ஞாபகம் வந்தது. எதுக்கு ரெண்டு பேரு.

"இருந்துச்சு" என்றேன்.

"மறந்து விடலையே?"

"இல்ல. தெரிஞ்சேதான் விட்டேன்."

"ஏன்?"

"அவரு நல்லவரு. அதுவும் இல்லாம, நானும்தான் எட்டிப் பார்த்தேன்."

எழுதிக்கொண்டார். சங்கத்து ஆள் தலையில் கை வைத்துக்கொண்டார். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. உங்கள் முதல் அறிக்கை தவறான ஞாபகம், மனமறிந்த பொய் இல்லை, தானே திருத்தியிருக்கிறார், இரண்டு நாள் மறுபயிற்சி போதும் என்றார்கள். என்னுடையதை ஏற்கவில்லை. உங்களுக்கு மறந்துபோனது, அதனால் மன்னித்தார்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, அதுதான் குற்றம். இரண்டு நாளாக இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவர்கள் செய்ததில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

உங்கள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. நான் உண்மையை எழுதச் சொன்னேன், நீங்கள் எழுதினீர்கள். திட்டுவதற்கு ஒருவர்கூட மிச்சமில்லாமல் இப்படி ஒரு கஷ்டம் யாருக்காவது வந்திருக்கிறதா? நேற்று வண்டிக்குள் உட்கார்ந்து சன்னலை ஏற்றிவிட்டுக் கத்தினேன். யாரைப் பார்த்து என்று தெரியாமல் சும்மா கத்தினேன்.

ராஜினாமா செய்யாதீர்கள். நீங்கள் போனால் என் இருக்கை எனக்குத் திரும்பி வராது. இரண்டு இருக்கை காலியாகும், அவ்வளவுதான். உங்கள் மகள்கள் வரட்டும். மார்லிஸுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நாளை காலை லாஸ் க்ரூசஸுக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறேன். அண்ணன் லாரியோடு வந்திருக்கிறான். அம்மாவுக்கு லீவில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மூன்று கம்பெனிக்கு விண்ணப்பம் நிரப்பிப் பார்த்தேன். மூன்றிலும் இரண்டாவது பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது: எப்போதாவது வேலையிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். மூன்று முறையும் அங்கேயே நின்றுவிட்டேன்.

என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றே ஒன்று. பர்செலுக்கு எழுதாதீர்கள். அந்த அம்மாளுக்கு எழுதாதீர்கள். எனக்காக இனி யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள், கேப்டன். எனக்கும்தான்.

மாரிபெல்